தேயாத பூட்ஸ்

மழை விட்டிருந்தது. வானத்தில்தான் விட்டிருந்தது. தாராவியின் தகரக் கூரைகளும் தார்ப்பாய்களும் அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அந்தச் சொட்டுக்கு நடுவே கனகவள்ளி மகளை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கினாள். குடை வீட்டில் இருந்தது. ஒரு கை பிள்ளையைப் பிடிக்கவும் இன்னொரு கை சுவரைப் பிடிக்கவும் வேண்டியிருந்ததால் குடை எப்போதும் வீட்டில்தான் இருக்கும்.

ஷ்ருதிக்கு ஒன்பது வயது. ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டவள். பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போதவில்லை என்றார்கள். பேச்சு, படிப்பு, வாய்த்துடுக்கு எதிலும் குறைவில்லை. கால்கள்தான் சொன்னபடி கேட்பதில்லை. நிறுத்தினால் குதிகால் தரையில் படாது. விரல் நுனியில் நின்று இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தக் கால்களைப் பிரித்து இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொள்ளக் கனகவள்ளி மட்டும்தான் பழகியிருந்தாள். வேறு யாரும் பழக முன்வரவும் இல்லை.

காலில் பூட்ஸ் இருந்தது. பூட்ஸுக்குள்ளே முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறுகிற வெள்ளை பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட். பூட்ஸ் நனைந்துவிடாதபடி இரண்டுக்கும் மேலே பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள்.

"ம்மா, எல்லாரும் என் காலயே பாக்காங்க."

"பாக்கட்டும். நனஞ்சா வார் இத்துப் போவும்லா."

லேபர் கேம்ப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்துகிற சென்டர். அங்கே ஷைஸ்தா பிசியோதெரபிஸ்ட். இருபத்தாறு வயதுப் பெண். அவளுடைய அப்பா காசிமுக்குத் தோல் பைகள் தைக்கிற பட்டறை, பூர்வீகம் மேலப்பாளையம். ஷைஸ்தாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேசும்போதும் பாதி வழியில் இந்திக்குத் தாவிவிடுவாள். கனகவள்ளி அவளை டாக்டரம்மா என்றே கூப்பிடுவாள். அவள் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்பாள்.

அன்றைக்கு ஷைஸ்தா ஷ்ருதியைப் படுக்க வைத்து, ஸ்ப்ளிண்டைக் கழற்றி, பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கி, கோணம் அளக்கிற ஸ்கேலைக் கணுக்காலில் வைத்தாள். பார்த்தாள். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். மற்றக் காலையும் அளந்தாள்.

"அக்கா, ஜனவரில பாதம் நேரா வந்துச்சு. இப்ப பதினஞ்சு டிகிரி கம்மி. மத்லப், அதாவது கெண்டைச் சதை இறுகிட்டே போகுது."

கனகவள்ளி மகளைக் கைகாட்டினாள். "தெனம் எண்ண தேச்சு நீவி விடுதேன் டாக்டரம்மா. ஒரு நா விடல. அவகிட்டயே கேளுங்க."

"டாக்டர்னு சொல்லாதீங்க அக்கா. எண்ணெய் தேச்சா மட்டும் போதாது. ஸ்ப்ளிண்ட் போடறீங்களா?"

"போடாம? வெளிய எறங்கும்போதெல்லாம் போடுதேன்."

ஷைஸ்தா பூட்ஸைக் கையில் எடுத்தாள். உள்ளே விரல்விட்டுப் பார்த்தாள். அப்புறம் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகத்தில் ஒரு கீறல் இல்லை. கடையில் ஒட்டியிருந்த சைஸ் ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

"இதப் போட்டுட்டு இவ எங்க நிக்கிறா?"

"எங்கன நிக்கா? ரோட்டுல நான்லா தூக்கிட்டு வாரேன்."

"வீட்ல?"

"வீட்டுக்குள்ள எப்படிம்மா பூட்ஸ் போட?"

மறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் சொன்ன பதில் அது. சொல்லி முடித்த பிறகுதான், ஷைஸ்தாவின் முகத்தைப் பார்த்து, தான் என்ன சொன்னோம் என்பது கனகவள்ளிக்கு உறைத்தது.

நிற்கிற இடம் வீடு. அங்கே வெறுங்கால். பூட்ஸ் போடுகிற இடம் ரோடு. அங்கே இடுப்பு. ஆறு மாதமாக அந்த ஸ்ப்ளிண்ட் ஒரு நிமிடம்கூடப் பிள்ளையின் பாரத்தைத் தாங்கவில்லை.

"அம்மா டெய்லி தொடைப்பா. வெள்ளத் துணி வச்சு. அப்புறம் மேல ஷெல்ஃப்ல வைப்பா" என்றாள் ஷ்ருதி. அம்மாவுக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஷைஸ்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தப்பு என் மேலயும் இருக்கு அக்கா. தின்பர், நாள் முழுக்கப் போடுங்கன்னு சொன்னேன். வீட்டுக்குள்ளயும் போடுங்கன்னு தனியாச் சொல்லல. எங்க வீட்லயும் செருப்பு வாசலோட சரி. செருப்போட உள்ள வந்தா எங்க அம்மி கொன்னே போட்டுடுவாங்க. எனக்கே தோணலயே."

"வீட்டுத் தரையிலதாம்மா முறுக்குச் சுத்துதேன். திங்க சாமான். செருப்புக் கால் பட்ட தரையில எப்படித் துணிய விரிக்க?"

"நீங்க பண்ணுனது புரியுது அக்கா. ஆனா காலுக்கு அது புரியாதே."

கனகவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண் திட்டவில்லை.

"இப்ப என்ன செய்யணும்?"

"பெரிய டாக்டர்ட்ட பேசறேன். மூணு வாரம் மாவுக்கட்டு போடுவாங்க. வாரா வாரம் பிரிச்சு, பாதத்த இன்னும் கொஞ்சம் மடக்கி, திரும்பப் போடுவாங்க. அதுல வந்துருச்சுன்னா டீக்கே. வரலன்னா ஆபரேஷன்தான்."

"வந்துட்டா நடப்பாளா?"

இந்தக் கேள்வியைக் கனகவள்ளி ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எண்ணெய் தேய்க்கிறவர் மூன்று மாசம் என்றார். சயான் ஆஸ்பத்திரியில் ஒருத்தர் கடவுள் விட்ட வழி என்றார். ஷைஸ்தா பதிலுக்கு ஷ்ருதி பக்கம் திரும்பி, "தேரேகோ க்யா கர்னா ஹை? உனக்கு எத நீயாச் செய்யணும்? ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள்.

ஷ்ருதி யோசிக்கவே இல்லை.

"சண்டாஸ் கதவ நானே சாத்தணும். அம்மா வெளிய நிக்கணும்."

கனகவள்ளிக்கு முகம் சுட்டது. பொதுக் கழிப்பறையின் கடைசி அறையில் நாற்காலி போல உட்காருகிற மாதிரிக் கோப்பை ஒன்று இருக்கிறது. தினமும் அங்கே அவளைத் தூக்கிக்கொண்டு போய், இறக்கி, உடுப்பைத் தளர்த்தி, உட்கார வைத்து, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு முன்னாலேயே நிற்பாள். இரண்டு பேர் நிற்க இடம் போதாது. கதவு பாதி திறந்தேதான் இருக்கும். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் சிலர் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் திருப்ப மாட்டார்கள். இன்னும் இரண்டு வருஷத்தில் பிள்ளை பெரிய மனுஷி ஆகிவிடுவாள். அதை நினைத்துக் கனகவள்ளி எத்தனையோ தடவை பயந்திருக்கிறாள். பிள்ளையும் அதை நினைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்ததில்லை.

ஷைஸ்தா ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னாள். "நல்ல டார்கெட். கொண்டி போட ஒரு கை வேணும். இன்னொரு கை கம்பியப் பிடிக்கும். அப்ப ரெண்டு காலும் நிக்கணும். குதிகால் தரையில படணும். உக்காந்து எழும்பணும், யாரும் தூக்காம. அத மட்டும் தினம் பழகணும். திரும்பத் திரும்ப. எந்த வேலையப் பழகுறாளோ அதுதான் வரும் அக்கா."

*

கனகவள்ளியின் புருஷன் இசக்கிராஜ் குஜராத்தில், வாப்பியில் ஒரு பேப்பர் மில்லில் இருந்தான். மாசத்தில் இரண்டு ஞாயிறு வருவான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் மெஷின் சத்தம்.

"என்னட்டீ சொன்னா அந்தப் புள்ள?"

"மாவுக்கட்டு போடணுமாம். மூணு வாரம்."

"எதுக்கு? விழுந்துட்டாளா?"

"விழல. கெண்டக்காலு இறுகிட்டாம்."

"அவ சொன்னதெல்லாம் ஒழுங்காச் செய்தியாட்டீ?"

கனகவள்ளி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "செய்தேன்."

அது பொய்யும் இல்லை. அதுதான் அவளைப் போட்டு அறுத்தது. ஒன்றும் செய்யாமல் இருந்து இப்படி ஆகியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அவள் தினமும் வெள்ளைத் துணியால் துடைத்தல்லவா வைத்திருந்தாள்.

"ரெண்டு நா லீவு போட்டு வரட்டா?"

"வேண்டாம். நீங்க வந்து என்ன செய்யப் போறிய. சாப்ட்டியளா?"

"சாப்ட்டேன். நீ?"

"இனிமேத்தான்."

போனை வைத்த பிறகு, வாங்க என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. வந்திருந்தால் பூட்ஸ் விஷயத்தைச் சொல்லியிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் சொல்லக்கூடியது அது. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லக்கூடியது இல்லை.

*

மாவுக்கட்டு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் போட்டார்கள். ஊன்றி நிற்கலாம், நிற்கத்தான் வேண்டும் என்று ஷைஸ்தா சொல்லி அனுப்பினாள். ரோட்டில் பட்டு, ஆஸ்பத்திரித் தரையில் பட்டு வந்த கட்டு. வாசலில் கழற்றிப் போட முடியாத செருப்பு. கனகவள்ளி அதை ஈரத்துணியால் துடைக்கப் போய், "நக்கோ மா, வேணாம், தண்ணி பட்டாக் கட்டு கெட்டுப்போகும்னு ஷைஸ்தா தீதி சொன்னாங்கல்ல" என்று மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கைமுறுக்கு என்பது தரை வேலை. அரிசி மாவும் உளுந்து மாவும் சேர்த்துப் பதமாகப் பிசைந்து, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியைத் தரையில் விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மாவை இரண்டு விரலுக்கு நடுவே திருகித் திருகி வட்டமாகச் சுற்ற வேண்டும். ஒரு முறுக்குக்கு நாலு சுற்று. துணி கொள்ளும் மட்டும் சுற்றிவிட்டுத்தான் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவது. பிற்பகல் மூன்று மணிக்குள் மாட்டுங்கா கடைக்காரர்களின் ஆள் வந்து டப்பாக்களை எடுத்துப் போவான். பத்துக்குப் பதினொன்று என்கிற அந்த அறையில் துணியை விரித்தால் மிச்சம் இருக்கிற தரை ஒரு பிள்ளை காலை நீட்டி உட்காரத்தான் போதும்.

கட்டுப்போட்ட முதல் நாள் துணியை விரித்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷ்ருதி எழுந்து நின்றால் அந்தக் கால் துணியில்தான் படும். நிற்காவிட்டால் ஆபரேஷன். துணியைச் சுருட்டி எடுத்தாள். மூலையில் கிடந்த இரண்டு எண்ணெய் டின்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்கல் வைத்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த பலகையை உருவி மேலே போட்டாள். பலகை மேல் துணி. ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை.

கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து உட்கார்ந்து சுற்றியவளுக்கு நின்று சுற்ற விரலுக்குப் பிடிபடவில்லை. முதல் பத்து முறுக்கு கோணல்.

"மா, இது முறுக்கா ஜிலேபியா?"

"பேசாதட்டி. நீ சுத்து பாப்போம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஷ்ருதியைக் குட்டி ஸ்டூலில் உட்கார வைத்து, பலகையின் விளிம்பைப் பிடிக்கச் சொன்னாள். கால்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழும்ப வேண்டும். தூக்கக் கூடாது. தொடக்கூடக் கூடாது என்று ஷைஸ்தா சொல்லியிருந்தாள். முதல் நாள் பன்னிரண்டு தடவை முயன்று இரண்டு தடவை எழும்பினாள். எழும்பாத பத்துத் தடவையும் கனகவள்ளியின் கைகள் தானாக முன்னால் போய்ப் போய்த் திரும்பின. மாவுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"தூக்கி விடேன்மா. ப்ளீஸ்."

"மாட்டேன்."

"நீ கெட்ட அம்மா."

"ஆமா."

பத்து முறுக்குக்கு ஒரு தடவை எழும்புவது என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் அஞ்சு முறுக்குக்கு ஒரு தடவை. எழும்பி நின்று ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் முறுக்குச் சுற்றுவாள். அது முறுக்கு மாதிரியே இருக்காது. அந்தக் கோணல்களை எல்லாம் தனியாகப் பொரித்து மத்தியானச் சோற்றுக்கு இரண்டு பேரும் தொட்டுக்கொண்டார்கள். வெளியே மழை ஓயாமல் அடித்தது. சந்தில் யாரும் நிற்கவில்லை. முன்பெல்லாம் முறுக்குச் சுற்றும்போது பக்கத்து வீட்டு ஜெபசெல்வி வந்து கதவோரம் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவாள். தரையில் உட்கார்ந்து பேசத்தான் அவளுக்கு வரும். நின்று வேலை செய்கிறவளிடம் என்ன பேச்சு என்று அவளும் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறவர் பூதத்தான். அந்தக் காலத்தில் வெல்டிங் பட்டறையில் இருந்தவர், கண் மங்கியபின் இந்த வேலைக்கு வந்தார். கனகவள்ளி அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, கடேசி ரூம்புல சொவத்தோட ஒரு கம்பி வைக்கணும். கொண்டியயும் கீழ எறக்கித் தரணும்."

"கொண்டிய எறக்கினா பொம்பளையளு குனிஞ்சு போடணுமேன்னு எங்கூட மல்லுக்கு நிப்பாளுவ. யாருக்கு?"

"எம் மகளுக்கு. அவளே சாத்தணுமாம்."

பூதத்தான் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"மேல உள்ளது கெடக்கட்டும். கீழ ஒண்ணு கூடப் போடுதேன். எவளாவது கேட்டா, பூதத்தான் போட்டத பூதத்தான்தான் கழட்டணும்னு சொல்லு."

அடுத்த நாளே கம்பி நின்றது. கனகவள்ளி தனியாகப் போய் உள்ளே நின்று, கதவைச் சாத்தி, கீழ்க் கொண்டியைப் போட்டு, எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் விட்டிருந்தார். லேசாக ஓடியது.

*

மூன்றாவது கட்டைப் பிரித்த அன்று ஷைஸ்தா அளந்துவிட்டு ஸ்கேலைக் கனகவள்ளியிடமே நீட்டினாள்.

"நேரா வந்து, அதுக்கும் மேல அஞ்சு டிகிரி. இப்ப ஆபரேஷன் வேணாம் அக்கா. ஆனா ஸ்ப்ளிண்ட்ட விட்டா மறுபடி இறுகும். இனிமே வாசல்ல கழட்டக் கூடாது."

"கழட்ட மாட்டேன்."

வெளியில் போட இன்னொரு ஜோடி பூட்ஸும் கொடுத்தாள். சென்டருக்கு வருகிற பெரிய பிள்ளை ஒருத்திக்குச் சிறிதாகிப்போனது. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழுவழு என்றிருந்தது. கனகவள்ளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒரு பிள்ளை அதில் எங்கெல்லாமோ நடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வாசல்படியில், இனி வீட்டுக்குள் போடுவதற்கென்று, பழைய ஜோடியை மகளுக்கு மாட்டிவிட்டாள். அந்த ஸ்டிக்கர் ஒட்டியது. போட்டு முடித்ததும் அவளுடைய கை வழக்கம்போல வாரைக் கழற்றப் போனது.

"மா. உள்ள" என்றாள் ஷ்ருதி.

தூக்கி உள்ளே நிறுத்தினாள். பூட்ஸ் இரண்டும் முழுசாகத் தரையில் படிந்தன. சாமி படத்துக்கு எதிரே, முறுக்குப் பலகைக்குப் பக்கத்தில், பூட்ஸ் காலோடு மகள் நின்றாள். கனகவள்ளிக்கு உடம்பு கூசியது. கூசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை. வேலைக்குப் போகிறவர்கள் போய் முடித்த நேரம். கழிப்பறை வாசல்வரை தூக்கிக்கொண்டுதான் போனாள். அங்கே இறக்கிவிட்டாள். தேய்ந்த பூட்ஸோடு ஷ்ருதி சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கடைசி அறைவரை நடந்தாள். எட்டு அடி தூரம். வெகு நேரம் ஆனது. உள்ளே போய்க் கம்பியைப் பிடித்தாள். திரும்பினாள். கதவு சாத்திக்கொண்டது.

கொண்டி உரசும் சத்தம். விழவில்லை. மறுபடி உரசியது. கனகவள்ளியின் கை கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் வந்து நின்ற பெண்ணொருத்தி, "அந்தர் கோன் ஹை?" என்று உள்ளே யாரெனக் கேட்டாள்.

"மேரி பேட்டி." மகள் என்றாள் கனகவள்ளி.

"அகேலி?" தனியாகவா என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஹா" என்றாள் கனகவள்ளி. மூன்றாவது தடவை கொண்டி விழுந்தது.

அப்புறம் உள்ளேயிருந்து குரல்.

"ம்மா, இருக்கியா?"

"இருக்கேன்ட்டி."

"கதவுகிட்டயா நிக்க?"

"ஆமா."

"தள்ளிப் போய் நில்லு. சத்தம் கேக்கும்ல."

கனகவள்ளி வெளியே வந்து தண்ணீர்க் குழாயருகே நின்றாள். பூதத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ள, ஒத்தையில நிக்க?"

"ஆமா அண்ணாச்சி."

இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒன்பது வருஷத்தில் இந்த இடத்தில் சும்மா நின்றதில்லை. இடது இடுப்பு இன்னும் பக்கவாட்டில் தள்ளியே இருந்தது. நிமிர்ந்து நிற்கப் பார்த்தாள், முதுகு வலித்தது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரியும். அழுகைதான் வந்தது. போனை எடுத்து இசக்கிராஜுக்குப் போட்டாள். பிள்ளை தானே கதவைச் சாத்திக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அதோடு அந்தப் பூட்ஸைப் பற்றியும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மில்லில் ஷிப்ட் நேரம். மணி போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது.

உள்ளே கொண்டி விலகும் சத்தம் கேட்டது. கனகவள்ளி ஓடவில்லை. கூப்பிடுவாள் என்று நின்றாள். ஷ்ருதி கூப்பிடவில்லை. பூட்ஸ் சத்தம் மட்டும் ஈரத் தரையில் ஒன்று, கொஞ்சம் நின்று, இன்னொன்று என்று வந்துகொண்டிருந்தது.